படியும் தராசும்

அளவில்லாமல் அடுப்பில்லை, அளவில்லாமல் அங்காடியும் இல்லை. உணவை ஆக்குவதற்கும் பண்டத்தை மாற்றுவதற்கும் மனிதன் தொடக்கக் காலத்திலேயே இரு வழிகளைக் கண்டான். ஒன்று, பொருளை ஒரு கலத்தில் நிரப்பி, அந்தக் கலத்தை எண்ணுவது. மற்றொன்று, பொருளை ஒரு கோலில் தொங்கவிட்டு, அதன் சுமையை அறிவது. முன்னதை முகத்தலளவை என்றும், பின்னதை நிறுத்தலளவை என்றும் தமிழ்க் கணக்கு நூல்கள் பிரித்துப் பெயரிட்டன.

இவ்விரு வழிகளுக்கும் இடையேயான வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. தீபாவளிக்கு முன்னர் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் ரம்பாய் போன்ற சிற்றூர்களில் மாவு பிசையும் வீடுகளில் அது ஆண்டுதோறும் எழுகின்றது. மூத்தவர் மாவை மங்கால் அளக்கின்றார். இளையவர் மேசைத் தராசில் வைத்துக் கிராமில் பார்க்கின்றார். பார்வைக்கு இது சமையற்கட்டுப் பூசலே. ஆயினும் அதன் வேர் தமிழிலக்கணம், சோழர் கோயில், மலாக்காத் துறைமுகம், ரப்பர்த் தோட்டம் ஆகிய நான்கு நிலங்களிலும் ஓடியிருக்கின்றது. அந்த வேரைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் கண்ட இரு அளவைகள்

அளவைப் பெயர்களைப் பற்றித் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே பேசுகின்றது. அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாகி வரும் எழுத்துகள் ஒன்பது என அது வரையறுக்கின்றது. க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்பன அவ்வெழுத்துகள். இவற்றுக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள் தனியே ஆராயத்தக்கவை. அளவுக்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன கூறப்படுகின்றன. நிறைக்குக் கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பன கூறப்படுகின்றன.

இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலப்படும். சாடி, பானை, மண்டை, அகல் ஆகியவை யாவும் வீட்டுக் கலங்கள். சமைக்கும் பாத்திரமும் உண்ணும் பாத்திரமுமே அளவைப் பெயர்களாயின. நிறைப் பெயர்களுள் இல்லத்துப் பாண்டம் எதுவும் முன்னிற்கவில்லை. கழஞ்சு முதலியவை பொன்னோடும் வாணிகத்தோடும் உறவுடையவை. முகத்தலளவை அடுக்களையில் பிறந்தது; நிறுத்தலளவை அங்காடியில் வளர்ந்தது. இப்பிறப்பு வேறுபாடே பின்வந்த வரலாறு முழுவதற்கும் திறவுகோலாகின்றது.

முகத்தல் வாய்பாடு ஈரிரண்டாகப் பெருகுவது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி சேர்ந்தது குறுணி. அதுவே மரக்கால் எனவும் பெயர் பெறும். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். எழுத்தறியாத ஒருவரும் ஒரு கலத்தைப் பாதியாக்கியும் இரட்டித்தும் இக்கணக்கைக் கையாலேயே செய்துவிடலாம். பாகம் பிரிப்பதற்கு இதனினும் எளிய முறை வேண்டுவதில்லை.

அவ்வாறாயின், நாழி எவ்வளவு பெரியது? இவ்வினாவுக்குக் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் வியக்கத்தக்க விடையளிக்கின்றது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. ஆகவே ஒரு நாழி 40 செவிடு, அதாவது 14,400 நெல். அதே நாழி 1,800 அவரை கொள்ளும்; 12,800 மிளகு கொள்ளும்; 14,800 பயறு கொள்ளும்; 38,000 அரிசி கொள்ளும்; 1,15,200 எள் கொள்ளும். இவற்றை எண்ணியவர் யாவராயினும், கலத்தின் அளவு கலத்தாலேயே உறுதிப்படாது என்பதை அறிந்தவர் ஆவார். படி தேயலாம், நெளியலாம், மாறலாம், எண்ணிக்கை மாறாது. ஒரு கலத்தை வேறோர் அளவையால் காவல் காக்க வேண்டும் என்னும் அறிவு இவ்வெண்களில் அடங்கியுள்ளது.

வயிறும் நீதியும்

சங்கப் புலவர் நக்கீரனார் புறநானூற்றின் 189ஆம் பாடலில், உலகாளும் மன்னனுக்கும் இரவும் பகலும் உறங்காது விலங்கு தேடும் வேட்டுவனுக்கும் உணவு ஒரு நாழியே என்கின்றார். பசியில் மனிதர் யாவரும் ஒப்பர் என்னும் கருத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த அளவை முகத்தலளவை. வயிறு ஒரு கலம். கலத்தைக் கலத்தால் அளப்பதே இயல்பு.

திருவள்ளுவரோ நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோர்க்கு உவமை தேடியபோது படியை எடுக்கவில்லை, துலாக்கோலையே எடுத்தார். படிக்கு ஒரு வாய்தான் உண்டு. கோலுக்கோ இரு தட்டுகள் உண்டு. இருவர் நடுவே நிற்பதற்கு உரியது அதுவே. அதே அதிகாரத்தில், பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிச் செய்வதே வாணிகம் என்றும் அவர் அறிவுறுத்தினார். பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைக் கொள்வதிலும் கொடுப்பதிலும் வைத்தே போற்றுகின்றது.

பசியைப் பேசும்போது நாழியும், நீதியைப் பேசும்போது தராசும் புலவர் வாக்கில் வந்தன. இது வெறும் சொல்வளம் அன்று. ஒருவர் தாமே அளந்து தாமே உண்ணுமிடத்துப் படி போதும். ஒருவர் அளக்க மற்றொருவர் பெறுமிடத்து ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்த இடத்தில் தராசு வேண்டப்படும்.

கோயிற் கணக்கில் அளவை

இந்த ஐயத்தைத் தீர்க்கச் சோழர் காலத்தில் கண்ட வழியைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் வழங்க ஏற்பாடு செய்தான். நெல் எந்த மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என்பதும் கல்லிலேயே பொறிக்கப்பட்டது. ஆடவல்லான் என்னும் மரக்கால். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்திருக்க வேண்டும். கோயிலுக்கு வந்த பொன்னோ மரக்காலைத் தொடவில்லை. அது ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. அணிமணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் வேறொரு கல் இருந்தது.

மரக்காலுக்கும் எடைக்கல்லுக்கும் இறைவன் பெயரைச் சூட்டியதில் பக்தியோடு நிருவாக அறிவும் கலந்திருந்தது. ஊர்தோறும் படி வேறுபட்ட காலத்தில், பெயரில்லாத படியால் கொடுக்கும் 100 கலம் எத்துணையும் ஆகலாம். பெயரிட்ட படியோ பொய் சொல்ல அஞ்சும். நெல் மிகுதியாக விளைவது, கோணியில் நிறைவது. அதனை விரைந்து அளக்க மரக்கால் உதவிற்று. பொன் அரிதாகக் கிடைப்பது. அதில் ஒரு குன்றிமணி தவறினும் இழப்புப் பெரிது. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு என்னும் நுண்ணிய கணக்கு அதற்கெனவே அமைந்தது. பொருளின் இயல்புக்கேற்ப அளவையைத் தெரிந்தெடுக்கும் இம்முறை, இன்றைய மாவு, வெண்ணெய் வழக்குக்கும் ஒரு தீர்ப்பை முன்னரே எழுதி வைத்திருக்கின்றது.

மலாக்காத் துறைமுகத்தில் தமிழரும் அளவையும்

கடல் கடந்த தமிழ் வணிகர் தம் அளவை அறிவையும் உடன் கொண்டுவந்தனர். 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா உலகத் துறைமுகமாக உயர்ந்தபோது சோழமண்டலக் கரையினர் அங்குச் செல்வாக்குடன் விளங்கினர். 1511இல் போர்ச்சுகீசியர் அந்நகரைக் கைப்பற்றியபின் 1512 முதல் 1515 வரை அங்குத் தங்கிய தோமே பிரெஸ் என்னும் மருந்துப்பொருள் வல்லுநர் சூமா ஓரியண்டல் என்னும் நூலை எழுதினார். வெவ்வேறு நாட்டு வணிகர்க்கென நான்கு சபண்டார்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தமையை அவர் குறித்துள்ளார். பல மொழிகள் பேசிய அத்துறையில் பொது மொழியாக நின்றவற்றுள் எடையும் ஒன்று எனலாம்.

மலாய் மக்களின் அளவைகளும் இவ்வாறே இருவகைப்பட்டன. அரிசியையும் நெல்லையும் சுப்பாக், கந்தாங் என்னும் கலங்களால் முகந்தனர். 4 சுப்பாக் ஒரு கந்தாங். ஈயத்தையும் மிளகையும் தாகில், காத்தி, பிக்கல் என்னும் நிறைகளால் நிறுத்தனர். 16 தாகில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்கல். பெருவணிகத்தில் வழங்கிய பகார் என்னும் நிறைப்பெயர், தமிழில் வழங்கும் பாரம் என்னும் சொல்லுக்கு உறவானது. தேயிலை வைக்கும் சிறு பெட்டிக்கு ஆங்கிலேயர் வழங்கும் கேடி என்னும் பெயரும் மலாய்க் காத்தியிலிருந்து பிறந்ததே.

சொற்கள் வேறாயினும் சிந்தனை ஒன்றாயிருந்ததற்குச் சான்று பழமொழியில் உண்டு. ஒரு சுப்பாக் என விதிக்கப்பட்ட பேறு ஒரு கந்தாங் ஆகாது என்பது மலாய் மக்களின் வழக்கு. கடலின் ஆழத்தில் அழுத்தி முகந்தாலும் ஒரு நாழி நான்கு நாழி நீரைக் கொள்ளாது என்னும் கருத்தை மூதுரையில் தமிழ்ச் சிறுவர் படித்தனர். நான்கில் ஒன்று என்னும் விகிதமும் இரண்டிலும் ஒன்றாக அமைந்திருப்பது வியப்புக்குரியது.

1824இல் மலாக்கா ஆங்கிலேயர் ஆட்சிக்கு நிலையாக வந்தது. 1826இல் பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றமாயிற்று. துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபட்ட கந்தாங் பின்னர் ஆங்கிலேயக் கேலனோடு ஒப்பாக்கப்பட்டது. அதாவது ஏறத்தாழ 4.55 லிட்டர். காத்தி ஒன்றே கால் பவுண்டினும் சற்று மிகுந்து, 1⅓ பவுண்டு என நிலைபெற்றது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 605 கிராம். இங்கு ஒன்று கருதத்தக்கது. ஆங்கிலேயக் கேலன் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10 பவுண்டு நீர் கொள்ளும் கலம் என வரையறுக்கப்பட்டது. கணக்கதிகாரம் நெல்லை எண்ணி நாழியைக் காத்ததுபோல, ஆங்கிலச் சட்டம் நீரை நிறுத்துக் கேலனைக் காத்தது.

தோட்டத்துக் கந்தாங்

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தொழிலுக்கு அது தொடக்கமாயிற்று. அடுத்த பதிற்றாண்டுகளில் மாநிலத்தின் மேடுகளெல்லாம் ரப்பர்க் காடுகளாயின. மலாக்கா நகருக்கு வடமேற்கே, ரம்பாய்ப் பழமரத்தின் பெயரைத் தாங்கிய புக்கிட் ரம்பாயும் அதன் சுற்றுவட்டாரமும் அவ்வரலாற்றில் பங்குடையவை. தோட்டத் தமிழரின் வாழ்வில் இரண்டு பொருள்கள் நாள்தோறும் அளக்கப்பட்டன. அவர் பெற்ற அரிசி ஒன்று. அவர் கொடுத்த ரப்பர்ப்பால் மற்றொன்று.

தோட்டக் கடையில் அரிசி கந்தாங்கால் வழங்கப்பட்டு, விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஒரு கந்தாங் அரிசி ஏறத்தாழ 8 பவுண்டு, அதாவது 6 காத்தி இருக்கும். அதே கந்தாங்கில் நெல்லை முகந்தால் உமியும் இடைவெளியும் இடத்தை அடைத்துக்கொள்ள, எடை மிகக் குறையும். அரிசியிலும் அளப்பவர் கைக்குத் தனி ஆற்றல் உண்டு. மெல்லச் சொரிந்தால் மணிகளுக்கிடையே காற்று தங்கும். கலத்தைத் தட்டித் தட்டி நிரப்பினால் மணிகள் நெருங்கும். தலைகுவித்து அளப்பது ஓர் அளவு. கோலால் தலைவழித்து அளப்பது மற்றோர் அளவு. கலம் ஒன்றே, சட்டம் ஒன்றே. ஆயினும் வீடு சேர்ந்த அரிசி ஒன்றன்று. உண்பவர் அளக்கும்போது இவ்வேறுபாடு ஒரு கவளத்தின் வேறுபாடு. பிறர் அளக்கும்போது அது மாதக் கடைசிப் பட்டினியின் வேறுபாடு.

ரப்பர்ப்பாலின் நிலை இதனினும் நுட்பமானது. விடியலில் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் கொண்டுவரும் தொழிலாளியிடம் இருப்பது பார்வைக்கு நிறைந்த வாளியே. ஆயினும் தோட்டத்துக்கு வேண்டியது பாலன்று; அதிலுள்ள உலர்ந்த ரப்பர். புதிய பாலில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மரத்தின் வகை, பருவம், மழை ஆகியவற்றுக்கேற்ப அது ஏறும், இறங்கும். மழைநீர் கலந்த வாளியும் நிறைந்தே இருக்கும்; வேண்டுமென்றே நீர் கலந்த வாளியும் நிறைந்தே இருக்கும். முகத்தலளவை முழுமையாகத் தோற்கும் இடம் இது. சாதாரணத் தராசும் இங்குத் தனித்து வெல்லாது; நீருக்கும் எடையுண்டு.

இதற்காக மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி பயன்பட்டது. ரப்பர் நீரினும் இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழும். நீர் மிகுந்த பாலில் உயர்ந்து மிதக்கும். கிராணி அந்தக் கோட்டைப் பார்த்துப் பாலின் செறிவைக் குறிப்பார். அன்றாடக் கூலியோடு உலர் ரப்பரின் எடைக்கேற்ற மேல்வரும்படியும் சேர்ந்த காலத்தில், அந்தக் கண்ணாடித் தண்டின் ஒரு கோடு ஒரு குடும்பத்தின் வரவை ஏற்றவும் இறக்கவும் வல்லதாயிற்று. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர். அதற்குக் கட்டுப்பட்டவர் பலர். தராசு நீதியின் சின்னமாவது அதன் இரு தட்டுகளும் இருவர் கண்ணுக்கும் தெரியும்போதுதான். ஒருவர் மட்டுமே படிக்கவல்ல கருவி, எத்துணைத் துல்லியமானதாயினும், மற்றவர்க்கு வெறும் சொல்லே. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலியைப் பேச்சுவார்த்தைக்கு உரியதாக்கிய வரலாற்றை, அளவையைக் கேள்விக்கு உரியதாக்கிய வரலாறாகவும் படிக்கலாம்.

போரும் பங்கீடும் இவ்வுணர்வை மேலும் கூர்மையாக்கின. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. பங்கீட்டு அரிசி காத்திக் கணக்கில் வந்தது. மரவள்ளிக் கிழங்கு அதன் இடத்தைப் பிடித்தது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் காட்டிலிருந்தோர்க்கு உணவு செல்லாதபடி அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. விற்கும் உணவு டின்களைக் கடையிலேயே துளையிட்டுக் கொடுக்கும் முறையும் இருந்தது. அரிது என்று ஆனவுடன் அரிசியும் பொன்னைப்போல் நிறுக்கப்பட்டது. சோழர் கோயிலில் கண்ட விதி இங்கும் மாறவில்லை.

அடுப்படியில் பால் டின்

தோட்டக் கடையும் ரப்பர்த் தொழிற்கூடமும் எடையின் ஆட்சிக்குள் சென்ற பின்னரும், லயத்து வீட்டு அடுப்படி முகத்தலளவையையே காத்துவந்தது. ஊரிலிருந்து வந்த படி சில வீடுகளில் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் கெட்டிப்பால் டின்னே உழக்காயிற்று. அதன் மேல் 14 அவுன்சு என எடை அச்சிடப்பட்டிருந்தது. பால் தீர்ந்தபின் அந்த எழுத்துக்குப் பொருளில்லை. டின் அரிசிக்குப் படியாயிற்று. ஒரு டின் அரிசி ஏறத்தாழ கால் கிலோ. எடையால் விற்கப்பட்ட பண்டத்தின் கலம், முகத்தலளவையாக மறுபிறவி எடுத்தது.

அன்றாடச் சமையலுக்கு இந்த டின் குறையின்றிப் போதுமானதாயிருந்தது. அதற்குக் காரணம் விகிதம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்னும் இட்டலிக் கணக்கில், பங்கு படியாயினும் டின்னாயினும் மங்காயினும் மாவின் தன்மை மாறாது. ஒரே கலத்தை இறுதிவரை கைவிடாதிருத்தல் ஒன்றே விதி. சோற்றுக்கு நீர் வைப்பதும் அவ்வாறே. எண்ணும் எழுத்தும் தேவைப்படாத, எந்தக் கலமும் ஏற்புடைய, இரட்டிப்பதும் பாதியாக்குவதும் எளிதான இம்முறையைப் பின்தங்கியது எனல் பொருந்தாது. அது தனக்குரிய இடத்தில் முழு அறிவாகும்.

இடர் தோன்றியது கேக்கும் பிஸ்கட்டும் பண்டிகைப் பலகாரங்களுள் இடம்பெற்றபோது. கோதுமை மாவு அரிசியைப்போன்றதன்று. அது அழுந்தும், பொங்கும். சலித்து மெல்லக் கரண்டியால் இட்டு நிரப்பிய ஒரு கோப்பை மாவு ஏறத்தாழ 120 கிராம். மாவுப் பையில் கோப்பையை ஆழ்த்தி அழுத்தி எடுத்தால் 150 கிராமையும் எட்டும். ஒரு கோப்பைக்கு 30 கிராம் எனில், நான்கு கோப்பைக்கு ஒரு கோப்பை மாவே கூடிவிடும். கேக் இறுகுவதும், பிஸ்கட் பிளப்பதும், நெய் போதாமல் உதிர்வதும் இதனாலேயே. பொன்னையும் மணியையும் நிறுத்ததுபோல் மாவையும் நிறுத்தல் வேண்டும் என்னும் இளையோர் கூற்று இங்கு வெல்கின்றது.

கோப்பை என்னும் சொல்லும் ஒன்றைக் குறிப்பதன்று. அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலிட்டர். மெட்ரிக் கோப்பை 250. ஆங்கிலேயரின் அரைப் பைண்டு 284. சோறு சமைக்கும் மின்கலத்தோடு வரும் சப்பானியக் கோப்பை 180. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்னும் அம்மையார் 1896இல் வெளியிட்ட பாஸ்டன் சமையற்பள்ளி நூலில், கோப்பையையும் கரண்டியையும் தலைவழித்தே அளக்க வேண்டும் என வலியுறுத்தினார். புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் ஊன்றிய அதே ஆண்டு அது. தஞ்சைக் கல்வெட்டு மரக்காலுக்குப் பெயரிட்டதும், இந்த அம்மையார் கோப்பைக்குத் தலைவழித்ததும் ஒரே நோக்கத்தின் இரு செயல்கள். ஐரோப்பியரும் ஆங்கிலேயரும் அடுக்களையில் தராசைத் தொடர, அமெரிக்கர் கோப்பையில் நிலைத்தனர். இருவர் நூல்களும் மலேசிய வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது, ஒரே சமையற்குறிப்பில் அவுன்சும் கோப்பையும் பால் டின்னும் கலந்து நின்றன.

மூன்றாம் அளவை ஒன்றும் உண்டு. மலாக்காவின் பெரனாக்கான் சமையலறைகள் அதனை அகாக் அகாக் என்னும் மலாய்ச் சொல்லால் வழங்கும். உத்தேசமாக என்பது அதன் பொருள். தமிழர் கைப்பக்குவம் என்றும் கண்ணளவு என்றும் கூறுவர். அதிரசப் பாகின் பதத்தைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பவர்க்குப் படியும் தராசும் உதவுவதில்லை. ஈரம் மிகுந்த நாளில் மாவுக்கு நீர் குறைவாகத் தேவை என்பதை விரலே அறியும். ஆனால் விரல் அறிந்தது விரலோடு போய்விடும். அதனை எழுதிவைக்க எழுத்தில்லை.

கிலோவின் வரவு

இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் எடைகள் 1958இல் தொடங்கி 1962க்குள் நிலைபெற்றன. படியும் பலமும் வீசையும் சட்டத்தின் பார்வையிலிருந்து நீங்கின. மலேசியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதே வழியைத் திறந்தது. அச்சட்டத்தின் மலாய்ப் பெயரில் திம்பாங், சுக்காட் என்னும் இரு சொற்கள் உள்ளன. நிறுத்தல், அளத்தல் என்பன அவற்றின் பொருள். அடுத்த பத்தாண்டுகளில் பவுண்டும் காத்தியும் கந்தாங்கும் கணக்குப் புத்தகங்களிலிருந்து விடைபெற்றன. சந்தைப் பேச்சில் காத்தி நெடுநாள் நீடித்தது. முஸ்லிம் மக்கள் நோன்புப் பெருநாளையொட்டிச் செலுத்தும் பித்ராவின் அளவு இன்றும் ஒரு கந்தாங் அரிசியின் பெயராலேயே வழங்குகின்றது, ஏறத்தாழ 2.7 கிலோ என அது எடையாக்கப்பட்டுள்ளது. பழைய கலம் பெயராகவும், புதிய எடை பொருளாகவும் இணைந்து வாழ்வதற்கு இது நல்ல சான்று.

எடையும் மாறாத மெய்ப்பொருள் அன்று. பாரிசுக்கு அருகில் காக்கப்பட்ட பிளாட்டினக் கலவைக் கட்டி ஒன்றே 2019 வரை உலகத்தின் கிலோவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதம் இயற்கையின் மாறிலி ஒன்றால் கிலோ புதிதாக வரையறுக்கப்பட்டது. ஆடவல்லான் என்னும் கல் தொடங்கி அந்தப் பிளாட்டினக் கட்டி வரை, எடை என்பது மனிதர் கூடிச் செய்த உடன்பாடே.

இழப்பும் கடமையும்

படிக்கும் தராசுக்கும் உரிய எல்லைகள் இதனால் தெளிவாகின்றன. அளப்பவரும் உண்பவரும் ஒருவராக, பொருளும் அழுந்தாததாக, விகிதமே வேண்டுவதாக உள்ளவிடத்துப் படி நிறைவானது. கொடுப்பவரும் பெறுபவரும் வேறாகும்போதும், பொருள் அரிதாகவோ அழுந்துவதாகவோ இருக்கும்போதும், ஒருவர் செய்ததைத் தொலைவிலுள்ள மற்றொருவர் மீண்டும் செய்ய வேண்டும்போதும் தராசு இன்றியமையாதது.

இவற்றுள் இறுதியாகக் கூறியதே இன்று மிகவும் கருதத்தக்கது. மலாக்கா மாநிலத்தின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற நிலங்களில் வீடமைப்புகள் எழுந்தன. புக்கிட் ரம்பாயில் தொழிற்பேட்டை அமைந்தது. ஒரே லயத்தில், ஒரே அளவுள்ள டின்னைக் கொண்டு சமைத்த குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்தன. அடுத்த வீட்டுக்குச் சொல்லும்போது ஒரு மங்கு மாவு என்பது முழுமையான குறிப்பு; அந்த மங்கை இருவரும் அறிவர். சிங்கப்பூரிலுள்ள பேத்திக்குச் சொல்லும்போது அது பாதிக் குறிப்பே. பாட்டியின் மங்கு உடைந்த அன்று அவர் பலகாரத்தின் அளவும் உடைந்துவிடுகின்றது. உரையாசிரியர் எடுத்துக்காட்டிய தூதையும் வட்டியும் எத்துணைக் கொண்டன என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. பெயர் எஞ்ச, அளவு மறைந்தது. அதே கதி பால் டின்னுக்கும் வரலாம்.

அதனைத் தடுக்கப் பெரு முயற்சி வேண்டுவதில்லை. முகத்தலையும் நிறுத்தலையும் கணக்குப் பாடமாக நடத்தும் தமிழாசிரியர், மாணவர் வீட்டிலுள்ள பழைய கலம் ஒன்றை எடுத்துவரச் செய்யலாம். மூத்தவர் தம் வழக்கப்படியே அதில் மாவை நிரப்பட்டும். மாணவர் அதனைத் தராசில் வைத்து எடையைக் குறிக்கட்டும். ஒரு கலத்தை ஐந்து முறை நிரப்பி ஐந்து எடைகளைக் குறித்தால், கையின் ஏற்றத்தாழ்வும் தெரியும், சராசரியும் கிடைக்கும். கலத்தின் பெயரும் எடையின் எண்ணும் ஒரே ஏட்டில் அருகருகே நிற்கும்போது, மூத்தவரின் படிக்கும் இளையவரின் தராசுக்கும் இடையே இருந்த வழக்குத் தீரும். காரிநாயனார் நாழியில் நெல்லை எண்ணிவைத்ததால் அந்நாழி இன்றும் அறியப்படுகின்றது. தோட்டத்து மங்குக்கும் டின்னுக்கும் அத்தகைய கணக்கதிகாரம் இன்னும் எழுதப்பட வேண்டும். அதற்குரிய காலம், அவற்றால் அளந்த கைகள் நம்மிடையே இருக்கும் காலமேயாகும்.